பிரிண்டரை மறந்த கணினி

ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் பல வருடங்களாக ஒரே மேசையில் இருந்தன. வேலையில்லாத மதியங்களில் இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்.

ஒருநாள், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. எழுத்தர் அமலோற்பவம் கணினியின் பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார். கணினி கண்விழித்தது.

“என்னப்பா, உடம்பு லேசாயிடுச்சா?” என்று பிரிண்டர் ஆசையாகக் கேட்டது.

“நல்லாயிருக்கு. ஆமா, நீங்க யாரு?” என்றது கணினி.

பிரிண்டருக்குத் தொண்டையில் காகிதம் சிக்கியதுபோல் ஆகிவிட்டது.

புதிய சிஸ்டத்தில் பிரிண்டர் ஒரு பக்கம்கூட அடிக்கவில்லை. “இந்தப் பிரிண்டர் வேலைக்கு ஆகாது, தூக்கிப் போட்டுடுங்க,” என்றார் மேலதிகாரி.

அமலோற்பவத்துக்கு மனசு வரவில்லை. இணையத்தில் தேடினார். தூர தேசத்தில், இதே மாதிரி பிரிண்டர் வைத்திருந்த யாரோ ஒருவர், அதைக் கணினிக்கு அடையாளம் காட்டும் ‘டிரைவர்’ மென்பொருளை எழுதி எல்லோருக்குமாகப் போட்டு வைத்திருந்தார். அதை இறக்கிக் கணினியில் ஏற்றியதும் பிரிண்டர் கரகரவென்று ஒரு பக்கம் அடித்துத் தந்தது.

“இப்ப உங்களைத் தெரியுது,” என்றது கணினி. “ஆனா பழசு எதுவுமே ஞாபகமில்லையே.”

“எனக்கு இருக்கே. ஒரு மழையில கூரை ஒழுகிச்சு. அமலோற்பவம் அம்மா தன் குடையை விரிச்சு நம்ம ரெண்டு பேருக்கும் மேல வச்சாங்க.”

“அப்ப யாருமே நனையலையா?”

“குடை எனக்கு முழுசா எட்டல, நான் நனைஞ்சேன். ஆனா, கத்தினது என்னவோ நீதான்,” என்றது பிரிண்டர்.