மஞ்சள் மீனுக்குச் சம்பந்தம்

“மாப்பிள்ளையை எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க தம்பி. அதுதான் முறை!” என்றார் நாகூர் மீரான்.

“நல்லா இருக்கே! பொண்ணைத்தான் எங்க வீட்டுக்கு அனுப்பணும் பாய். எங்கேயாவது மாப்பிள்ளை பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போவாரா?” என்றான் அர்ஜுனன்.

“எங்க ஊர்ல போவாரு. நான் போகல?”

சூலியா தெருவில், மலாய்க்காரர்கள் அணியும் சொங்கோக் தொப்பி விற்கும் மீரானின் கடையில் தினமும் இதே பஞ்சாயத்துதான். தொப்பி வாங்க வந்தவர்கள் தொப்பியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பொண்ணு, மாப்பிள்ளை இரண்டும் மீன்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் மஞ்சள் மீன்கள். கப்பலில் வேலை பார்க்கும் இப்ராஹிம், நாகப்பட்டினத்துப் பக்கம் பிடித்து வந்து நண்பர்கள் இருவருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தான்.

“ஜோடியா முட்டைக்குக் காவல் இருந்ததைப் பிடிச்சேன். அதனால ஒண்ணு ஆண், ஒண்ணு பெண். எது எதுன்னு என்னைக் கேட்காதீங்க. ரெண்டும் ஒரே அச்சு” என்று அவன் கழன்றுகொண்டான்.

எது எது என்பதில் நண்பர்களுக்குள் சண்டையே இல்லை. ஆள் கிட்டே போனால் மீரானின் மீன் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். “என்ன வெட்கம் பாருங்க!” என்பார் மீரான். ஆகவே அது பொண்ணு. அர்ஜுனனின் மீனோ விரலை நீட்டினால் கடிக்க வரும். ஆகவே அது மாப்பிள்ளை. ஜோடி சேர்ந்து எந்த வீட்டில் இருப்பது என்பதில்தான் இழுபறி.

அந்த மீனில் ஒரு விசேஷம் உண்டு. தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சுகளை வளர்க்கும். பொடிக் குஞ்சுகள் பெற்றவர்களின் உடம்பை ஒட்டிக்கொண்டே திரியும். அதைத் தன் வீட்டில் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் கொள்ளை ஆசை. மீரானின் மனைவி சித்தி ஹாஜரா கடலுக்கு அந்தப் பக்கம் நாகூரில், தன் தாய்வீட்டில். பிள்ளைகள் தவழ்ந்ததையும் நடந்ததையும் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்ட மனிதர் அவர். டிராம் ஓட்டும் அர்ஜுனன் வீட்டிலோ கல்யாணமாகி வருஷக்கணக்காகியும் தொட்டில் கட்டவில்லை. அவன் மனைவி புஷ்பவள்ளி பகலெல்லாம் மீனோடுதான் பேசிக்கொண்டிருப்பாள்.

“மாசத்துக்கு ஒரு வீடுன்னு மாத்தி மாத்தி வச்சுக்கலாமா பாய்?”

“தூக்கித் தூக்கி அலைஞ்சா மீன் செத்துப் போயிடும்லா! எங்க வழக்கத்தை நான் விட மாட்டேன்.”

“எங்க வழக்கத்தை நானும் விட மாட்டேன்!” என்று அர்ஜுனன் எழுந்து போனான்.

மறுநாள் காலை புஷ்பவள்ளி போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது.

“என்னங்க, ஓடி வாங்க! மாப்பிள்ளை முட்டை போட்டிருக்காரு!”

அர்ஜுனன் பாதி பொத்தான் போட்ட சட்டையோடு ஓடி வந்தான். கண்ணாடி ஜாடிக்குள் இருந்த கல்லில் பொடிப் பொடியாக முட்டைகள் ஒட்டியிருந்தன. ‘மாப்பிள்ளை’ அவற்றுக்குச் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தார். விரலை நீட்டியதும் வழக்கம்போல் கடிக்க வந்தார்.

பசியாற வந்திருந்த இப்ராஹிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“ஆண் இல்லாமலே முட்டையா?” என்றான் அர்ஜுனன்.

“சேவல் இல்லாம கோழி போடலையா? பொரிக்காது, அவ்வளவுதான். சண்டைக்கு வர்றதெல்லாம் ஆம்பளைன்னு யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?”

“அதானே!” என்றாள் புஷ்பவள்ளி.

“அப்போ, பாய் வீட்டுல கல்லுக்குப் பின்னால ஒளியிறது...”

“அதுதான் மாப்பிள்ளை!” என்று இப்ராஹிம் தொடையைத் தட்டினான். “இனிமே வேடிக்கையைப் பாருங்க. மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வர்றதுதான் நல்ல வழக்கம்னு நீங்க பேச ஆரம்பிப்பீங்க. மீரான் நானா உங்க வழக்கத்தைப் பிடிச்சுக்குவாரு. நான் போய் அவர் காதுல போட்டுடுறேன்.”

அவன் துள்ளிக்கொண்டு போனான்.

“பாவம், துணையில்லாம முட்டையைக் காக்குது” என்றாள் புஷ்பவள்ளி. அர்ஜுனன் அவளையும் ஜாடியையும் சிறிது நேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். அவனுக்கு மனசே சரியில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. மீரான் இறங்கினார். இரண்டு கையாலும் ஜாடியை நெஞ்சோடு அணைத்திருந்தார். தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“தம்பி இல்லையாம்மா?”

“வேலை முடிஞ்சு வந்துட்டு வெளியே போயிருக்கார் அண்ணே.”

“பரவாயில்ல. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போகணும்னு தெருவே கேட்கப் பேசிட்டேன். பேசினது பேசினதுதான். இந்தாம்மா உங்க மாப்பிள்ளை. குஞ்சு பொரிச்சா மட்டும் சொல்லி அனுப்புங்க, வந்து பார்த்துட்டுப் போறேன்.” சொல்லிவிட்டு ஜாடிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே வந்த மீரான் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“பொண்ணு எங்கேம்மா?”

“அவரும் பேசினது பேசினதுதான்னுட்டாரு அண்ணே. இப்பத்தான் பொண்ணை டிராம்ல ஏத்தி உங்க வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போனாரு!”