பன்னிரண்டாவது குழந்தை

"மெஷின் டங்டங்னு இடிக்கும். அரை மணி நேரம் அசையப்படாது. ஆட்டிசம் உள்ள பதினோரு குழந்தைகள் அலறிண்டு ஓடியாச்சு," என்றார் மூளை ஆராய்ச்சியாளர் டாக்டர் சீதாலக்ஷ்மி.

"ஸ்கூல்ல எம்மக அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டா. இங்க கெடப்பா டாக்டரே," என்றார் சாலை பஜாரிலிருந்து வந்திருந்த மைதீன்.

ஆறு வயது சபீனாவை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள். அது இடித்துத் தள்ளியது. அவள் அசையவே இல்லை. மூன்று வருட ஆராய்ச்சியில் முதல் தெளிவான படம் கம்ப்யூட்டரில் வந்தது. டாக்டருக்குக் கண் கலங்கியது.

மெஷின் நின்றது. சபீனா வீறிட்டு அழுதாள்.

"தூங்க மருந்து கொடுத்தேளா?"

மைதீன் மகளைப் பெருமையாகத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் கொடுக்கல டாக்டரே. நம்ம பாத்திரப் பட்டறையில தொட்டில் கெட்டி வளத்த புள்ள. சுத்தியல் சத்தம் நின்னாத்தான் முழிச்சு அழுவா."