வைப்பர் போடாத கஸ்டமர்

வைப்பர் ஓடவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த சேல்ஸ்மேன் ஜாய்சனுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

மொரேவா, ஐரோப்பாவில் மலிவு விலைக் கார். பெங்களூரு சந்தாபுராவில் யாருக்கும் வேண்டாத கார். நம் ஊர் வண்டிகளில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலது பக்கம் இருக்கும். மொரேவாவில் அந்த இடத்தில் வைப்பர். டெஸ்ட் டிரைவுக்கு வந்த அத்தனை பேரும், திரும்பும்போதெல்லாம் கொளுத்துகிற வெயிலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “இது நமக்கு ஒத்துவராதுப்பா” என்று இறங்கிப் போனார்கள்.

மாற்றித் தரும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதியதற்கு, ‘ஐரோப்பாவில் யாரும் புகார் சொல்லவில்லையே’ என்று பதில் வந்தது. கூடவே, பனியில் வண்டி ஓட்டுவது எப்படி என்று ஒரு கையேடும் அனுப்பியிருந்தார்கள்.

ஆனால் இந்தக் கோவிந்தராஜன், பி.டபிள்யூ.டி.யில் ரிடையரானவர், சந்தாபுரா சர்க்கிளில் இடது கையால் அலட்சியமாக இண்டிகேட்டரைத் தட்டி, வெண்ணெயாய்த் திரும்பினார். பக்கத்து சீட்டில் அவர் மனைவி ஜானகி வாயே திறக்கவில்லை.

“ஸாருக்குப் பசங்க யாராவது ஜெர்மனில இருக்காங்களா?”

“இல்லப்பா. ஒரே பொண்ணு, மாரத்தஹள்ளில இருக்கா. அவ வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஜெர்மனிக்கே போயிடலாம்.”

ஜாய்சன் தேவைக்கு மேலேயே சிரித்தான். இன்றைக்கு ஒரு வண்டி போயே ஆக வேண்டும். “சாயங்காலத்துக்குள்ள ஒரு புக்கிங்காவது வரலைன்னா, ஒண்ணாந்தேதிலேர்ந்து இந்த எடத்துல சோபா செட் விப்பாங்க. நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்று மேனேஜர் அச்யுத் காலையிலேயே சொல்லிவிட்டார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதத்தில் ஜாய்சன் விற்றது ஒரே ஒரு வண்டி, அதுவும் மாமனாருக்கு. மாமனார் அன்றிலிருந்து அவனிடம் பேசுவதில்லை.

ஒரு பஸ் குறுக்கே வந்தது. கோவிந்தராஜன் பிரேக் போட்டதும், ஜானகி சட்டென்று கையை நீட்டி டேஷ்போர்டின் மேல் எதையோ பிடிப்பதுபோலப் பொத்தினார். அங்கே ஒன்றுமே இல்லை. அம்மா பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று ஜாய்சன் நினைத்துக்கொண்டான்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் காபி வந்தது. கோவிந்தராஜன் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எல்லாம் சரிப்பா. நாளைக்கு விக்கணும்னா வெல போகுமா?”

“என்ன ஸார் இப்படிக் கேட்டுட்டீங்க! அஞ்சு வருஷம் ஓட்டினாலும் பாதி வெல கேரண்டி.”

“யாரு எடுப்பாங்க?”

“நாங்களே எடுப்போம் ஸார். கண்ண மூடிட்டு எடுப்போம்!”

“எழுதிக் குடுப்பீங்களா?”

ஜாய்சன் மேனேஜர் அறைக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்டதும் அச்யுத் வாய்விட்டுச் சிரித்தார்.

“அஞ்சு வருஷம் கழிச்சா? அப்போ நீ எங்கியோ, நான் எங்கியோ, இந்தக் கம்பெனி எங்கியோ! அவர் என்ன கேக்கறாரோ அப்படியே எழுதிக் குடு. சீல் நானே வந்து குத்தறேன்.”

முப்பத்திரண்டு வருடம் டெண்டர் எழுதிய மனிதர் என்பதால் வாசகத்தையும் கோவிந்தராஜனே சொன்னார்: ‘ஐந்து வருடம் பூர்த்தியான மொரேவா கார் எதுவானாலும், கொண்டுவந்த அன்றே, வாங்கிய விலையில் பாதிக்கு இந்த ஷோரூம் எடுத்துக்கொள்ளும்.’ அச்யுத் கையெழுத்துப் போட்டு, ஒன்றுக்கு இரண்டாக சீல் குத்தினார். வரும் ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரம் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றுவதாக ஜாய்சன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

“புக்கிங் ஃபாரம் எடுத்துட்டு வரட்டுமா ஸார்? என்ன கலரு?”

“வெள்ளைதான்” என்றபடியே கோவிந்தராஜன் போனில் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டார். “முனிகிருஷ்ணா, டீ குடிச்சது போதும். வண்டிய உள்ள கொண்டா.”

“ஓ, பழைய வண்டி எக்ஸ்சேஞ்சா! அதுக்குத் தனியா போனஸ் இருக்கு ஸார்!” என்று ஜாய்சன் ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டான்.

ஓசூர் ரோட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கார் உள்ளே திரும்பியது. ஒரு பொட்டு மேகம் இல்லாத வெயிலில் அதன் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. முனிகிருஷ்ணன் பிரேக் போட்டதும், டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் சறுக்கிக்கொண்டே போய் முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டார்.

ஜாய்சன் அந்தக் காரின் மூக்கில் இருந்த மொரேவா சின்னத்தைப் பார்த்தான். அச்யுத் தன் கையிலிருந்த சீலைப் பார்த்தார்.

“ஸார்... அது வந்து... அஞ்சு வருஷம் கழிச்சுன்னுதான...” ஜாய்சன் இழுத்தான்.

அதுவரை வாய் திறக்காத ஜானகி, காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

“போன வெள்ளிக்கிழமையோட அஞ்சு முடிஞ்சுது தம்பி.”