தாக்கூரின் தலைப்பாகைக் கல்

"நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு என் பேரை வைக்கிறதா இருந்தா மெஷினை நிறுத்தச் சொல்றேன், ஜசோதா பாயிசா. இல்லேன்னா நாளைக்குள்ள இந்தப் பாறை யார் வீட்டுத் தரையாவோ ஆயிடும்."

தாக்கூர் அனோப் சிங் மீசையை முறுக்கினார். பின்னால் கல் அறுக்கும் இயந்திரம் இரைந்தது. அது இரையும்போதெல்லாம் ஆராய்ச்சியாளர் ஜசோதா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜெய்சல்மேர் கடலாக இருந்த காலத்துச் சுறாக்கள் அந்தப் பாறைக்குள்தான் கல்லாகிக் கிடந்தன. பாறையோ தாக்கூருடையது.

"வைக்கிறேன் ஹுகும். சுறா விட்டுட்டுப் போன எதுக்கும் பேர் வைக்கலாம். இதோ, இந்தப் பல்லு..." தட்டை நீட்டினாள்.

"சீரகம் மாதிரி இருக்கு! இதுக்கா என் பேரு?"

"அப்போ இந்தத் திருக்கை? தட்டையா, சேத்துல படுத்துக் கிடக்கும்."

"எங்க வம்சத்துல யாரும் சேத்துல படுத்ததில்லை! நாங்க சந்திரன்லேர்ந்து வந்தவங்க."

ஜசோதாவின் உதவியாளர் கேத்தாராம் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"என்னய்யா, பசியா?"

"எலும்பு கல்லாயிருந்தா நாக்குல ஒட்டும், ஹுகும்."

தாக்கூரின் பார்வை தட்டின் மூலைக்குப் போனது. கைப்பிடி அளவில், அடுக்கடுக்காகத் திருகிய ஒரு கல்.

"இது! அப்படியே என் தலைப்பாகை!" எடுத்துத் தலைக்கு அருகில் பிடித்துக் காட்டினார்.

"ஹுகும், அது வந்து..."

"சுறாவோடதுதானே?"

"சுறாவோடதுதான். ஆனா..."

"முழுசா கிடைக்கிறது அபூர்வமா?"

"ரொம்ப அபூர்வம். ஆனா ஹுகும்..."

தாக்கூர் அதை நாக்கில் வைத்தார். "ஒட்டுது!" கையை உயர்த்தினார். "மெஷினை நிறுத்துங்கடா!"

இயந்திரம் நின்றது. ஜசோதாவும் சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள்.

"அச்சுல வந்துட்டா அப்புறம் இஷ்டத்துக்குப் பேரை மாத்த முடியாது. யோசிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அதுதானே வேணும்!"

கட்டுரை வெளியானதும் தாக்கூரின் ஹவேலி மாளிகையில் பெரிய விருந்து. முன்னோர் படங்களுக்கு நடுவே வெள்ளித் தட்டில் கல் வீற்றிருந்தது. மாலை, ஊதுபத்தி, பித்தளையில் பொறித்த 'அனோப்சிங்கி' என்ற அறிவியல் பெயர். வருகிறவர்களெல்லாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

லட்டைக் கடித்தபடி கலெக்டர் குனிந்து பார்த்தார். "சுறாவோட எந்தப் பாகம் இது? இதயமா?"

"அதை விடுங்க சாகேப், நாக்குல எப்படி ஒட்டுது பாருங்க!" தாக்கூர் கல்லை எடுத்து நாக்கில் ஒட்டிக்கொண்டு, பெருமையாக எல்லாப் பக்கமும் திரும்பினார்.

கலெக்டர் ஜசோதாவைப் பார்த்தார். இந்த முறை குறுக்கே பேச ஆளில்லை.

"பாகம் இல்லை சார். சுறாவுக்குக் குடல் திருகலா இருக்கும். அதனால அது கழிக்கிற மலமும் இப்படித்தான் திருகலா வரும்."