ஒரு சொட்டு விழாமல்

லாரிக்கு அடியில் போவதற்கு முன் அத்தான் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

கழுவிவிட்டு அழுக்கு வேலையில் இறங்குகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். என் அக்காவுக்கு இப்படி ஒரு கணவர் வாய்த்திருக்கிறார்.

அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு முன்னால் புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையை விட்டு அவர் கண் நகரவில்லை. பழைய தரையை நாசம் செய்தவன் நான். ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போதெல்லாம் கீழே ஒரு குளம் வெட்டிவிடுவேன்.

மாப்பிள்ளை ஒரு சொட்டு சிந்தாமல் ஃபில்டரை மாற்றிவிட்டால் லாரி இனி அவர் பொறுப்பு. இது அப்பாவின் தீர்ப்பு. அப்பா லாரி வாங்கியவர், அதற்கடியில் குனிந்து பார்த்தவரில்லை.

ஆறு வருடமாக அதை ஓட்டிச் சாப்பிடுகிறவன் நான். அத்தான் கைக்குப் போனால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவார். என் சட்டைக் காலர் அழுக்கு அவருக்குப் பிடிக்காது.

வேலையைக் குறை சொல்ல முடியாது. பழைய ஆயிலைத் தட்டில் வடித்தார். ஃபில்டரைச் சுற்றி பிளாஸ்டிக் பையைக் கட்டி, பைக்குள்ளேயே திருகிக் கழற்றினார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் வெளியே கொண்டுவந்தார்.

தரையில் ஒன்றுமில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். குப்பையில் போட்டாலும் சொட்டக்கூடாது என்று, கழற்றியதைக் கவிழ்த்து வைத்துக் கடைசிச் சொட்டுவரை வடித்தார். டீசலில் துணியை நனைத்துத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். போகிற பொருளுக்கு இவ்வளவு அலங்காரம் கல்யாண வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

அக்கா செல்போனோடு வந்தாள். அத்தான் புதியதை ஒரு கையிலும் பழையதை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். இரண்டும் ஒரே நீலம், ஒரே பளபளப்பு. அக்கா இடம் மாறி நிற்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், வெயில் படச் சொன்னாள்.

பிறகு அத்தான் ஒன்றைக் கீழே வைத்தார், மற்றதோடு வண்டிக்கு அடியில் போனார்.

புது ஃபில்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றித்தான் மாட்டுவது வழக்கம். ஊற்றினால் சிந்தும் என்று அதையும் செய்யவில்லை. வெறுமனே மாட்டி இறுக்கினார். மேலே புது ஆயிலை ஊற்றி வண்டியைக் கிளப்பிக் காட்டினார். ஒரு கசிவும் இல்லை.

அப்பா எழுந்து, குனிந்து, தரையை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். லாரிச் சாவியை மாப்பிள்ளையின் கழுவிய கையில் வைத்தார்.

எனக்குக் குப்பை, கீழே வைத்திருந்த அந்த ஃபில்டர்.

"பாத்துத் தூக்கிட்டுப் போடா. கவுத்துடாத" என்றார் அப்பா.

வீம்புக்குத்தான் கவிழ்த்தேன். அந்தத் தரையில் நடுவாக ஒரு கறையாவது விழட்டும் என்று நினைத்தேன். விழவில்லை. உலுக்கினேன். அப்போதும் விழவில்லை.

நிமிர்த்தித் துளைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதம் கடையில் வாங்கியபடியே மஞ்சளாக இருந்தது. ஆயிலையே பார்க்காத காகிதம்.

அவ்வளவு துடைத்த பழைய ஃபில்டர் வண்டியிலேயே திரும்பப் போய் உட்கார்ந்திருந்தது.

என் பிழைப்பு என் கையில் வந்திருந்தது. திரும்பினேன்.

அப்பா என்னையும், எனக்குக் கீழே கறையில்லாமல் இருந்த தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை, லாரி விஷயத்தில், இந்த ஆறு வருடத்தில் நான் பார்த்ததேயில்லை.

"பாத்தீங்களா மாப்ள, ஒருநாள் உங்க பக்கத்துல நின்னதுக்கே இவனுக்கும் வேல வந்துருச்சு."