இரண்டாவது துடிப்பு

நெஞ்சு படபடக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன தையற்காரிக்கு, இதயத்துடிப்பைப் பதியும் கருவியை மார்பில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் பதிவைப் பார்த்த டெக்னீஷியன் நெற்றியைச் சுருக்கினான்.

“அக்கா, நேத்து சாயங்காலம் நாலு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும் ரெண்டு பேரோட துடிப்பு இருக்கு. பக்கத்துல யாரு?”

“யாருமில்லப்பா. சோபாவுல உக்காந்து டீ குடிச்சேன், அவ்வளவுதான்.”

“ரெண்டாவது துடிப்பு மூணு அடிச்சு ஒண்ணு விடுது.”

ஆறு மாதத்துக்கு முன் இறந்துபோன கணவரின் நெஞ்சில் தலை வைத்து, முப்பது வருடம் அவள் கேட்டுத் தூங்கிய தாளம் அது.

“நாலரைக்கு அப்புறம்?”

“மெல்லக் குறைஞ்சு நின்னுடுச்சுக்கா.”

அவள் தைப்பதற்கு எழுந்துபோன நேரம்.

அன்றும் நாலு மணிக்குச் சோபாவில் உட்கார்ந்தாள். இருட்டிய பிறகு, தைத்த துணியை வாங்க வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

“நாளைக்கு வாங்க,” என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.