எக்ஸ்சேஞ்சுக்கு வந்த டிரம் செட்

செட்டில் ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது.

பழைய டிரம் செட்டை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவருகிறவர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். இவள் என்னவோ நான் கெட்ட சேதி சொன்னது போல நின்றாள்.

அதை அவளுக்கு விற்றவனே நான்தான். கல்யாணத்துக்கு முன்னால், இசைக்குழுவில் சேர்ந்த புதிதில் வாங்கினாள். அன்றிலிருந்து கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தோல் மாற்ற வேண்டும் என்றாலும் திருகு இறுக்க வேண்டும் என்றாலும் என் கடைக்குத்தான் வருவாள். குழுவில் ஆளை மாற்றினாலும் மாற்றுவாள், இந்த செட்டை மாற்றமாட்டாள் என்று அவளைக் கேலி செய்வேன்.

அப்படிப்பட்டவள் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, இதை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனி செட் கொடுங்கள் என்றாள். இதில் சத்தம் இறங்கிவிட்டதாம். உயிரே இல்லையாம்.

நான் ஸ்டிக்கை எடுத்து ஒரு சுற்று வாசித்துப் பார்த்தேன். ஸ்னேர் என்கிற சின்ன டிரம் சுள்ளென்று பேசியது. பேஸ் டிரம் நெஞ்சில் வந்து இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அப்புறம்தான் குழந்தை ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்தினேன்.

அவள் கணவர் கணக்கு வாத்தியார். சுவரோரம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் ஐந்து மாதப் பெண் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அசையக்கூட இல்லை.

டிரம்மர் பெற்ற பிள்ளை என்றால் சும்மாவா, இடி விழுந்தாலும் எழுந்திருக்காது போலிருக்கிறதே என்றேன்.

இருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் குழந்தையின் முதுகைத் தடவினார். அவள் திரும்பிக்கொண்டு, சுவரில் தொங்கிய கிட்டார்களைப் பார்த்தாள்.

வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன். நமக்கெதற்கு?

எந்தக் கம்பெனி பார்க்கலாம் என்று கேட்டேன். கம்பெனி எதுவாக இருந்தாலும் சரி, எது கணீரென்று கேட்குமோ அது என்றாள்.

மூலையில் இருந்த செட்டைக் காட்டினேன். ஸ்னேர் முழுக்க உலோகம். அதை வாசிக்கிறவர்களே காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். குழந்தையைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோங்கள் என்று வாத்தியாரிடம் சொன்னேன். எழுந்தார். ஆனால் வாசலுக்குப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். ஸ்டூல் உயரத்தைக்கூடச் சரி செய்யவில்லை. ஸ்னேரில் ஒரே ஒரு அடி.

குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் காற்றில் விரிந்தன. உதடு பிதுங்கியது. பிறகு அந்த ஸ்னேரே தோற்றுப்போகும்படி ஓர் அழுகை.

எனக்குப் பதறிவிட்டது. அப்போதே சொன்னேனே என்று கோபமும் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

யாரும் வெளியே போகவில்லை. வாத்தியார் ஆணி அடித்தது போல நின்றார். அவள் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க ஒரு தடவை தட்டுங்க. அவ கண்ணுல படாம, பின்னாடி நின்னு. மெதுவா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் கேட்ட விதத்தில் மறுக்க வாய் வரவில்லை. வாத்தியார் குழந்தையை அவள் பக்கம் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார். நான் ஒரு சின்ன சிம்பல் தட்டை எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போனேன். குழந்தை மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, விரல் நகத்தால் லேசாகத் தட்டினேன்.

அழுகை நின்றது. கண்ணீரோடு அந்தச் சின்ன முகம் என் பக்கம் திரும்பியது.

வாத்தியார் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

அவர்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்குக் காது பரிசோதனை செய்தபோது, கேட்கிறதா இல்லையா என்று சரியாகப் பிடிபடவில்லையாம். மறுபடி செய்தும் சந்தேகம்தான் என்றார்களாம். பெரிய பரிசோதனைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டால் குரலுக்குத் திரும்புகிறாளா, முகத்தைப் பார்த்துத் திரும்புகிறாளா என்று இவர்களுக்கும் தெரியவில்லை. பொறுக்க முடியாமல் தொட்டில் பக்கத்திலேயே செட்டைப் போட்டு வாசித்துப் பார்த்திருக்கிறாள். பாப்பாவிடம் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. அவர் பயத்தோடு வாய் திறக்கும்போதெல்லாம், குறை இந்த செட்டில்தான் என்று இவள் அடித்துச் சொல்லிவிடுவாளாம்.

இதற்கு அழுத குழந்தை அதற்கு ஏன் அசையவில்லை? நான் இரண்டு செட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல எழுந்து வந்து பழைய ஸ்னேரின் விளிம்பில் கை வைத்தாள்.

"நிறைமாசம் வரைக்கும் வயிறு இடிக்க இடிக்க இதைத்தானே அண்ணா வாசிச்சேன். இது அவளுக்கு ஒரு சத்தமே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

என் வியாபாரம் போயிற்று. போனால் போகட்டும் என்று பேஸ் டிரம்மை நானே தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினேன். திங்கட்கிழமை போகத்தான் வேண்டும் என்று வாத்தியார் நினைவுபடுத்தினார். போகலாமே என்றாள், கடைக்குப் போகலாம் என்பது போல.

தெருமுனையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது.

நாங்கள் மூவரும் சட்டென்று குழந்தையைப் பார்த்தோம்.

குழந்தை லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.